குஞ்சுக்கூட்டத்தில் இறக்கிய தகடு

1. பாசி பிடித்த வாரம்

ராஜபாளையத்தில் மீன்கடை வைத்திருந்த பாயிடம் வேலை பார்த்தேன். கண்மாயும் அவர் குத்தகைதான். வலைக்குக் கெண்டை வரும். விரால் சேற்றில் புதைந்து தப்பிவிடும். ஆபரேசன் ஆனவர்கள் வீட்டிலோ, புண் சீக்கிரம் ஆறும் என்று விரால்தான் கேட்பார்கள். எண்பதுகளின் கடைசியில், தன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரீல் வைத்த தூண்டில் கம்பையும், இரைக்குப் பதிலாகப் போடும் விரல் நீளத் தகட்டையும் பாய் என் கையில் திணித்தார்.

"ஏலே, இனி விரால் உன் பொறுப்பு."

தகட்டுக்கு முதுகில் தூண்டில் நரம்பு கட்ட ஓட்டைகள், வயிற்றில் ஈயம், முள். இழுத்தால் கிடுகிடுவென்று உதறும். நானும் வறட்டு வறட்டென்று இழுத்து ஒரு வாரம் பாசியைத்தான் கரையேற்றினேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். பிறகுதான் பிடிபட்டது. தகடு தரை தட்டணும். கம்பு நுனியை ஒரு முழம் தூக்கி, உதறல் கையில் தெரிந்ததும் நிறுத்தணும். நரம்பு தொய்யாமல் இறங்க விடணும். விரால் அடிப்பது இறங்கும்போதுதான். கலங்கல் தண்ணீருக்குப் பின் ஓட்டையில் கட்டினால் உதறல் பெரிதாக வரும்.

2. அந்த ரெண்டு விரால்

ஒரு மழைக்காலம், அஞ்சு நாளாக ஒன்றுமில்லை. பாய் கொதித்துவிட்டார். "நாளைக்கும் வெறுங்கையோட வந்தா அப்படியே வீட்டுக்குப் போயிரு. சேத்தூர்க்காரன் ஒருத்தன் வாரேன்னு நிக்கான்."

எனக்கு மூணு பிள்ளைகள். வேறு வேலையும் தெரியாது.

மறுநாள் காலை, கரையோரம் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாகக் கொப்பளித்தன. கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். மேலே எது விழுந்தாலும் ஆத்திரத்தில் அடிக்கும். அங்கே மட்டும் எந்தத் தூண்டில்காரனும் போடமாட்டான். நான் போட்டேன்.

முதல் இறக்கத்தில் ஒன்று, அடுத்ததில் அதன் ஜோடி. சாக்கைக் கட்டிவிட்டுத் திரும்பினால், கெண்டையும் நீர்க்காகமும் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருந்தன. ஒரு பீடி முடிவதற்குள் சிவப்பே இல்லை.

"இப்படில்லா வேலை பாக்கணும்!" என்று பாய் வடையும் டீயும் வாங்கித் தந்தார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் கண்ணில் பட்ட குஞ்சுக்கூட்டத்தில் எல்லாம் தகட்டை இறக்கினேன்.

3. நிறைந்த கண்மாய்

அடுத்த வருசம் தண்ணீர் நிறைய இருந்தது. ஒரு மாசம் தகட்டைத் தூக்கி இறக்கியும் ஒரு விரால்கூட அடிக்கவில்லை. பாய் கரைக்கே வந்து உட்கார்ந்தார். "எம்புட்டு விரால் கெடந்துச்சு! எங்கலே போச்சு?"

"தெரியல மொதலாளி."

என் முகத்தைப் பார்த்தவர், "விடுலே, நீ என்ன செய்வ. கடைக்கு வந்து மீன் வெட்டு" என்றார்.

குஞ்சுக்கூட்டத்தில் தகடு போட்டதை அவர் மௌத்தாகும்வரை நான் சொல்லவேயில்லை.

தம்பிகளா, குஞ்சைப் பார்த்தால் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வெறுங்கையோடு போங்கள். ஏச்சு விழும், வேலையும் போகும். போனால் போகட்டும். எனக்கு வேலை போகவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.