பதினேழாம் நம்பர் காற்றாலையில் ஏறியவர்

முட்டி இரண்டும் பழுத்த புண் மாதிரி துடித்தன. காலையிலிருந்து எண்பது மீட்டர் ஏணி, இரண்டு தடவை. லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் வைத்தால் கம்பெனிக்குச் செலவு. முட்டி ஜெப்ரியுடையது, அதனால் செலவில்லை. மதியச் சாப்பாடு டிபன் பாக்ஸில் அப்படியே கிடந்தது.

இது நடந்தது. கேட்டவர்கள் வெயிலில் தலை சுற்றியிருக்கும் என்றார்கள். அவனுக்குச் சுற்றியிருக்கலாம். லேப்டாப்புக்குமா சுற்றும்? நொடி வாரியாகக் கிராஃப் இருக்கிறது. போன ஆடி மாதம், பூளவாடிப் பக்கம், பட்டப்பகலில் நடந்தது.

ஜெப்ரி உக்கடத்துக்காரன். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கியே கழுத்தெலும்பு தேய்ந்தவர். மகனுக்கு வேலை காற்றாலைகளுக்கு நாடி பார்ப்பது. உச்சியில் பேரிங்கிலும், கோபுரச் சுவரிலும் சென்சார் ஒட்டுவான். அதிர்வும் கரண்ட்டும் லேப்டாப்பில் கோடாக ஓடும். எந்தப் பல் தேய்கிறது, எது சூடேறுகிறது என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

பதினேழாம் நம்பர் ஓட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் தானாக நின்றது. அதிர்வு அதிகம் என்று காட்டியது. எதனால் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சென்சார் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு மேடையிலும் ஏணி நுழைகிற ஓட்டையின் மூடியை மூடிக்கொண்டே இறங்கினான். கோபுரத்தின் அடியறையில், ஏணிக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பை விரித்தான். கூட தமிழ்வேந்தன், சைட் டெக்னீஷியன்.

சுவிட்சில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஜெப்ரியுடையது ஒன்று, தமிழ்வேந்தனுடையது ஒன்று. உள்ளே போகிற ஒவ்வொருவனும் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வான். ஒரு பூட்டு தொங்கினாலும் மெஷினை ஓட்டக் கூடாது. அடுத்தவன் பூட்டில் கை வைக்கவே கூடாது.

மணி 3:18.

டக்… டக்… டக்…

சத்தம் இல்லை. கிராஃபில் மட்டும். சின்னச் சின்ன முள், ஒன்றரை நொடிக்கு ஒன்று.

"கேபிள் அடிக்குதுங்களாண்ணா?" என்றான் தமிழ்வேந்தன்.

"கேபிளுக்கு இப்படித் தாளம் வராது."

முள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. ஏதோ ஒன்று சென்சாருக்குக் கிட்டே போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்றைந்தாவது முள்ளோடு நின்றது. இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. மறுபடி ஆரம்பித்தது.

ஜெப்ரியின் முட்டிக்கு அந்தக் கணக்குத் தெரியும். முதல் மேடைக்குத் தொண்ணூற்றைந்து படி. அங்கே மூச்சு வாங்க நிற்க வேண்டும். பிறகு இன்னொரு தொண்ணூற்றைந்து.

நிமிர்ந்து பார்த்தான். விளக்கு எரிந்தது. முதல் மேடை வரைக்கும் ஏணி காலி. கிராஃப் ஏறிக்கொண்டிருந்தது.

3:31. மூன்றாவது மேடை. அங்கே தாளம் மாறியது. டக்… டக்டக்… டக்… ஸ்பேனர் போடுகிற கை.

போன் அடித்தது. சைட் இன்சார்ஜ் வேங்கடசாமி.

"ஏனுங்க இன்ஜினியரே, காத்து அடிக்கறப்ப காத்தாடிய நிறுத்திப்போட்டு நிழல்ல குக்கி உக்காந்துட்டு இருக்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா?"

"மேல ஆள் இருக்குது சார்."

"எந்த ஆளு? ரெண்டு பேரும் கீழதான இருக்கறீங்க?"

"கிராஃப்ல இருக்குது. இப்ப ஓட்ட வேண்டாம்."

"நாளைக்கு நீ இந்த சைட்டுக்கு வரவே வேண்டாம் கண்ணு. வாரேன், இரு."

3:37-க்கு ஜீப் வந்து நின்றது. வேங்கடசாமி கையில் கட்டரோடு இறங்கினார்.

"ஏனுங்க சார், பூட்டு வெட்டறதுக்குன்னே வண்டியில கட்டர் வெச்சிருக்கறீங்களா?" என்று தமிழ்வேந்தன் கேட்டான்.

ஜெப்ரி சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றான். வேங்கடசாமி தோளால் இடித்து நகர்த்தினார். பூட்டை ஒரே அமுக்கில் வெட்டினார். பழகிய கை. இரண்டாவதையும் வெட்டி, சுவிட்சைப் போட்டார். கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டார்.

"பதினேழு. ஸ்டார்ட் குடு."

3:40. மேலே இறக்கை சுழல ஆரம்பித்தது. கோபுரம் முனகியது.

3:41:20.

தம்.

கிராஃபில் ஒரே ஒரு முள். திரையைத் தாண்டிப் போனது.

மெஷின் தானாக நின்றது.

வேங்கடசாமி திரையைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஜீப்பில் ஏறிப் போனார்.

"நான் மேல போறேன்" என்றான் ஜெப்ரி. அவனுக்குப் பயம் இருந்தது. ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அடிபட்டு ஒருத்தன் கிடந்தால்?

"போங்ணா. சுவிட்ச அணைச்சு, அது மேல கைய வெச்சுட்டே நிக்கறேன். எவன் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் தொடோணும்."

ஏறினான். முதல் மேடையின் மூடியைத் தூக்கித் திறந்து தாண்டினான். இரண்டாவதுக்குப் பாதி வழியில் முட்டி மடங்கியது. ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"அண்ணா… நின்னுட்டீங்களா?"

"நின்னுட்டேன்."

…

"என்னடா?"

"கிராஃப் நிக்கலீங்ணா."

அவன் அசையவில்லை. கை வைத்திருந்த படி அதிர்ந்தது.

ஒரு தடவை.

ஒன்றரை நொடி.

இன்னொரு தடவை.

கீழே பார்க்கவில்லை. மேலே பார்த்தான்.

மேலே அவன் மூடிவிட்டு வந்த மூடிகள் எல்லாம் திறந்திருந்தன.

உச்சி வரை போனான். யாருமில்லை. ரத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. இறங்கி வந்தபோது தமிழ்வேந்தன் சுவிட்சைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தான்.

மறுநாள் ஜெப்ரிக்கு வேலை இல்லை. ஆனால் பதினேழாம் நம்பரில் முதலிலிருந்தே மாட்டியிருந்த சென்சாரின் பழைய பதிவுகள் முழுதும் அவன் லேப்டாப்பில் இருந்தன. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளாகப் புரட்டினான். ஐந்தாம் நாள் கிடைத்தது.

நான்கு வருடம் முந்தைய ஒரு மாலை. 3:18-க்கு முதல் முள். தொண்ணூற்றைந்து, ஓய்வு. தொண்ணூற்றைந்து, ஓய்வு. தொண்ணூற்றைந்து. ஸ்பேனர். 3:40-க்கு ஸ்டார்ட். 3:41:20-க்கு அந்தப் பெரிய முள். இரண்டு கிராஃபையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரே கோடு.

ஒரு வித்தியாசம் இருந்தது. அன்று மெஷின் நிற்கவில்லை. நல்ல காற்று, நல்ல கரண்ட், இருட்டும் வரை ஓடியது. அந்த ஓட்டத்துக்கு அடியில், மூன்றாவது மேடைச் சுவரில், யாரோ தட்டியிருக்கிறார்கள். முதலில் வேகமாக. பிறகு விட்டு விட்டு.

கடைசித் தட்டல் 5:52.

கம்பெனி ரெக்கார்டில் அன்று பதினேழுக்குள் யாரும் போகவில்லை. அன்று ராத்திரி பெதப்பம்பட்டி ரோட்டில் கான்ட்ராக்ட் தொழிலாளி கண்ணையா பைக்கில் விழுந்து செத்தார் என்று இருக்கிறது. அவர் மனைவி பத்மாவதி சொன்னது இது: அன்று அவர் பைக் காற்றாலைக்கடியிலேயே நின்றது. மூன்றாம் நாள் இவள்தான் போய் உருட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

ஜெப்ரி கிராஃபைக் கம்பெனிக்கு அனுப்பினான். சென்சார் கோளாறு என்று பதில் வந்தது. பதினேழு இன்றும் ஓடுகிறது.

கண்ணையா அதற்குள்ளேதான் செத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். அதை அந்தக் கம்பெனி பத்மாவதிக்குத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.