சர்வருக்கு ஒரு நாள் ஓய்வு

ஆய்வகத்தின் இணையதளத்தில் அசோகனைப் பற்றி இப்படி இருக்கிறது: “கணினி அமைப்பு மேலாளர். உயர்திறன் கணினிகளின் தடையற்ற இயக்கம், தரவுப் பாதுகாப்பு, பேரிடர் மீட்பு ஆகியவற்றுக்கு முழுப் பொறுப்பு. தொழில்நுட்பக் குழுவை வழிநடத்துகிறார்.”

பக்கத்தில் இருக்கும் புகைப்படம் அவருடையதல்ல. அவருக்கு முன்பு இருந்து, நல்ல கம்பெனி கிடைத்துப் போய்விட்ட கவினுடையது. இணையதளத்தைப் பார்த்துக்கொள்வதே அசோகன்தான். ஆனால் படத்தை மாற்ற மேலிடத்து அனுமதி வேண்டும். அது வரும்வரை தன் கையாலேயே அந்தப் பக்கத்தைப் புதுப்பித்து, கவினை அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார். வழிநடத்தப்படும் குழு என்பது அசோகன் ஒருவர். முழுப் பொறுப்பு என்பது மட்டும் உண்மை. அதிகாரம் என்ற சொல்லே அதில் இல்லை. அந்த வகையில் குறிப்பு நேர்மையானதுதான்.

கன்னட நாட்டுத் தமிழர் பேட்டையான மர்பி டவுனில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கிருந்தே ஸ்கூட்டரில் வருகிறவர். காலையில் அவரைத் தேடுகிறவர்கள் யாரும் பேரிடர் மீட்புக்காகத் தேடுவதில்லை. பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருக்கும். புரொஜெக்டர் ரிமோட்டைக் காணாது. வைஃபை வராது, வந்தால் வந்தது போலவே இருக்காது. பருவமழை எங்கே, எப்போது, எவ்வளவு பெய்யும் என்று ஆராய்கிற அந்த ஆய்வகத்தில், மழை வந்தால் சர்வர் அறைக் கூரை ஒழுகும். வாளி வைப்பதும் அவர்தான்.

அந்த அறையில் இருந்த பெரிய சர்வர் ஆறு வருஷமாக ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது. எட்டு ஹார்ட் டிஸ்க். எட்டுப் பேர் தூக்கும் பல்லக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் விலகினால் மற்றவர்கள் பல்லைக் கடித்துச் சமாளிப்பார்கள். இரண்டாமவரும் விலகினால் சாமி தரையில். கோடையிலேயே ஒரு டிஸ்க் செத்து, ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. புது டிஸ்க் கேட்டு அசோகன் எழுதினார். கொள்முதல் குழு மூன்று கொட்டேஷன் கேட்டது. பேக்கப் பெட்டி ஒன்று இருந்தது; அதில் பழைய கருத்தரங்குகளின் புகைப்படங்கள் நிறைந்திருந்தன. அழிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

மீதி ஏழு டிஸ்க்குகளின் மேல்தான் தாரணியின் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தது. தர்மபுரிக்காரப் பெண், முனைவர் பட்டத்துக்காக மேகங்களைக் கணினியில் உருவாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள். மாதக்கணக்கில் ஓடும் அந்தக் கணக்குக்கு ‘ரன்’ என்று பெயர்; அதன் விடைகள் லேப்டாப்பில் அடங்குகிற அளவு இல்லை.

ஆயுத பூஜைக்கு முன்தினம். பூசணிக்காய், வாழைக்கன்று, பொரி எல்லாவற்றையும் எலக்ட்ரீஷியன் மஞ்சுநாத் வாங்கி வந்திருந்தார். வழக்கமாக ஓடுகிற மெஷினுக்கே பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரியைத் தின்றுவிட்டுப் போவார்கள். பௌத்தக் குடும்பத்தில் பிறந்த அசோகனே சந்தனம் கரைப்பார். “புத்தர் வீட்ல இருக்காரு, பூசாரி ஆபீஸ்ல இருக்காரு” என்று அவர் மனைவி பாஞ்சாலி வருஷா வருஷம் சொல்வாள். அசோகனும் வருஷா வருஷம் சிரிப்பார்.

அந்த வருஷம் ஆய்வகத் தலைவராகப் புதிதாக வந்திருந்தவர் பேராசிரியர் வெங்கடகிருஷ்ணன். எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பவர்.

“அசோகன், என்ன இது, மெஷின் ஓடிண்டே இருக்கு? ஆயுதத்துக்கு இன்னிக்கு ஓய்வு. ஆஃப் பண்ணிட்டுன்னா பூஜை பண்ணணும்.”

“சார், ஆறு வருஷமா ஓடற டிஸ்க்கு. சூடு ஆறிடுச்சுன்னா திரும்ப சுத்தாம போயிடும், சில சமயம்.”

“சில சமயம்னா? எத்தனை பர்சென்ட்?”

அசோகனிடம் பர்சென்ட் இல்லை. பயம் மட்டும் இருந்தது; அதை வரைபடமாகப் போட முடியாது.

“ஆதாரம் இல்லாம பயப்படறது மூடநம்பிக்கை அசோகன்” என்றார் பேராசிரியர், கையில் குங்குமக் கிண்ணத்துடன்.

எல்லோரும் சிரித்தார்கள். “ஏனாகல்ல பிடி, அசோகண்ணா” என்றார் மஞ்சுநாத். ஒன்றும் ஆகாது என்பதைக் கன்னடத்தில் கேட்டால் இன்னும் கொஞ்சம் உறுதியாக இருக்கும். தாரணியும் சொன்னாள்: “என் ரன் போன வாரமே முடிஞ்சிடுச்சுண்ணா. ரெண்டு நாள்தானே, பாவம், தூங்கட்டும்.”

அசோகன் அணைத்தார். ஆறு வருஷச் சத்தம் நின்றபோது அறை விநோதமாக இருந்தது. ஏசியின் இரைச்சல் மட்டும் தனியாகக் கேட்டது. தாரணி ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பொட்டு வைத்தாள், செத்ததற்கும் சேர்த்து. புகை அலாரம் அலறும் என்பதால் கற்பூரத்தை வெளியே வராந்தாவில் ஏற்றினார்கள்.

விஜயதசமி அசோகன் வீட்டுக்கும் திருநாள்தான், வேறு காரணத்துக்காக: லட்சக்கணக்கானவர்கள் பௌத்தத்துக்கு மாறிய நாள் அது. தெருவே வெள்ளை உடுத்திப் புத்தர் முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று பெரியவர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அசோகனுக்கு ஒரே ஒரு ஆசைதான்: ஏழும் சுத்தணும்.

லீவு முடிந்து வந்து சுவிட்சைப் போட்டார். ஒவ்வொன்றாகப் பச்சை விளக்கு வந்தது. ஐந்தாவதில் வரவில்லை. காதை வைத்துக் கேட்டார். டக், டக் என்று உள்ளே யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. கழற்றினார், விரலால் சுண்டினார், மறுபடி போட்டார். டக், டக்.

டிஸ்க்கை வெளியே எடுத்துப் போக கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸ் போடுகிறவர் தசரா பார்க்க மைசூர் போயிருந்தார். டிபன் பையில் சோற்றுக்குப் பதிலாக டிஸ்க்கை வைத்துக்கொண்டு அசோகன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனார். அங்கே மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் முகேஷ் அதைக் காதில் வைத்துப் பார்த்தான்.

“அண்ணா, உள்ள தட்டு மேலயே ஊசி உரசுது. பொட்டு யாரு வெச்சது?”

“ஏன்?”

“இல்ல, அழகா வெச்சிருக்காங்க. காரியத்துக்கு வெக்கற மாதிரி.”

பெரிய கம்பெனி ஒன்றையும் கேட்டாயிற்று. அவர்களும் அதையே ஆங்கிலத்தில் சொன்னார்கள்.

தாரணியிடம் அவரேதான் சொல்ல வேண்டியிருந்தது. முழுப் பொறுப்பு.

“எல்லாமேவாண்ணா?”

“எல்லாமேம்மா.”

லேப்டாப்பைத் திறந்து எதையோ தேடினாள் அவள். பிறகு, “நானும்தானே தூங்கட்டும்னு சொன்னேன்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அசோகனுக்கு.

கணக்குப் போடும் நிரல் அவள் லேப்டாப்பில் தப்பியிருந்தது. பதிலெல்லாம் போய்விட்டது, கேள்வி மட்டும் மிச்சம். மறுபடி முதலிலிருந்து ஓட்ட கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். பேராசிரியர் மனிதர் நல்லவர். போராடிக் கால நீட்டிப்பு வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. இரண்டு டிஸ்க் போன பிறகு கொள்முதல் குழு இரண்டு புது டிஸ்க் தந்தது. மற்ற ஆறும் பழசு. பேக்கப் பெட்டிக்கு மூன்று கொட்டேஷன் கேட்டார்கள்.

ரன் ஓடியது. கரண்ட் போகும்போதெல்லாம் அசோகன் யுபிஎஸ் பக்கத்தில் போய் நிற்பார். நின்று ஒன்றும் செய்ய முடியாது, ஆனாலும் நிற்பார்.

அடுத்த ஆயுத பூஜை வந்தபோது ரன் கடைசிக் கட்டத்தில் இருந்தது. இந்தத் தடவை மெஷினை அணைக்கச் சொல்ல மாட்டார்கள் என்றுதான் அசோகன் நினைத்தார். பேராசிரியர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“யோசிச்சுப் பார்த்தேன், அசோகன். போன வருஷம் பூஜையில குறை. கற்பூரத்தை வெளியில ஏத்தினோம் பாருங்கோ, அதான். இந்தத் தடவை சாஸ்திரிகளையே வரச் சொல்லியிருக்கேன். மெஷினை நிறுத்தி, முறையா பண்ணிடுவோம்.”

“சார், தாரணி ரன் ஓடுது.”

“நின்ன இடத்துலேர்ந்து தொடரலாமோல்லியோ? அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

டிஸ்க் சுற்றினால் தொடரலாம். அதை எப்படிச் சொல்வது? போன வருஷம் கேட்ட ஆதாரம் இப்போது அசோகன் கையில் இருந்தது. பேராசிரியர் அதையே எடுத்துப் பூஜைக் குறைக்கு ஆதாரமாக்கிவிட்டார். “சரி சார்” என்றார் அசோகன்.

மஞ்சுநாத்திடம் மாலையைக் கொஞ்சம் நீளமாக, நெருக்கமாக வாங்கி வரச் சொன்னார். புகை அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பை கட்டினார். சாஸ்திரிகள் வந்தார். அறை வாசலில் கூட்டம் கூடியது. மானிட்டர் கருப்பாக இருந்தது. சர்வர் முகம் முழுக்கச் சாமந்தி.

பேராசிரியர் காதைத் தீட்டினார். “ஏதோ சத்தம் வரதே?”

“ஏசி சார்.”

பொட்டு வைக்கக் குனிந்த தாரணி, பூக்களுக்கு நடுவே பச்சையாக ஒன்று மினுக்குவதைப் பார்த்தாள். நிமிர்ந்து அசோகனைப் பார்த்தாள். அவர் கூரையை, வாளிக்கு மேலே இருந்த ஈரத் திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு பூவை இழுத்து அதன் மேல் விட்டு, பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தாள்.

கற்பூரம் உள்ளேயே ஏற்றப்பட்டது. எல்லோரும் கும்பிட்டார்கள். அசோகனும் கும்பிட்டார்.

அன்று அவர் மானிட்டரை மட்டும் அணைத்தார். சர்வரை அணைக்கவில்லை.