ஈரத்தில் பூசிய இறக்கை

அத்தான் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவர்மேல் ஏறியிருந்த வார்னிஷ் வாசனை உள்ளே வந்துவிடும். கனிந்து அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தில் சாராயம் ஊற்றியதுபோல ஒரு நெடி. அக்கா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "அங்கயே நில்லுங்க. இந்தப் பக்கம் வந்தா நீங்களும் பத்திக்குவீங்க, வீடும் பத்திக்கும்." அவர் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி வெளியே கொடியில் போடுவார். பிறகு உட்கார்ந்து, நகங்களில் காய்ந்து ஒட்டியிருப்பதைச் செதில் செதிலாக உரிப்பார். அது விமானத்தின் இறக்கையில் பூசுகிற வார்னிஷ்.

தீவின் வடக்குக் கரையில் வெள்ளைக்காரர்கள் இராணுவ விமானத்தளம் அமைத்த புதிதில், கடல்விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் அத்தானுக்கு வேலை கிடைத்தது. இப்போது உடம்பெல்லாம் உலோகமான விமானங்கள் வரத் தொடங்கிவிட்டன. அன்றைய இறக்கைகளோ சட்டத்தின்மேல் இழுத்துத் தைத்த துணிதான். வார்னிஷ் பூசப் பூச அது மேளத்தோல்போல விறைக்கும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்த ஆங்கிலத்தை வைத்து அதே தளத்தின் அலுவலகத்தில் எழுத்து வேலையில், கிராணியாக, சேர்ந்திருந்தேன். "கிராணியாரே, உங்க எழுத்து காகிதத்துலயே கெடக்கு. என் பிரஷ்ஷு பட்டது வானத்துல பறக்குது. யாரு பெரிய ஆளு?" என்று சிராங்கூன் சாலைத் தேநீர்க்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்பார்.

ஈரக்காற்றில் அந்த வார்னிஷைப் பூசக்கூடாது. பூசினால் வெள்ளை பூத்துவிடும், துணியில் சரியாகப் பிடிக்காது. இது இரகசியமல்ல, கொட்டகைச் சுவரிலேயே பெரிதாக எழுதியிருந்தது. கொட்டகைக்குப் பொறுப்பான வெள்ளைக்கார சார்ஜெண்டுக்கும் தெரியும். ஆனாலும் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், ஒரு விமானம் சோதனைக்குப் பறந்தாக வேண்டும் என்று அவருக்கு மேலிடத்து நெருக்கடி. பூசச் சொன்னார். "மழை தொரை, வேண்டாம் தொரை" என்று அத்தான் வானத்தைக் காட்டிக் கையை ஆட்டியிருக்கிறார். சார்ஜெண்ட் பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் திணித்தார். அத்தான் பூசினார்.

சோதனைப் பறப்பில் இறக்கைத் துணி கிழிந்து பட்டையாகத் தொங்கியது. விமானி எப்படியோ கடலில் இறக்கித் தப்பிவிட்டார். தளத்து அதிகாரி அந்தக் கந்தலோடு கொட்டகைக்குள் வந்து அத்தானின் முகத்துக்கு நேரே கத்தினார். ஒரு சொல்லும் விளங்காத அத்தான், கத்துகிற துரைமாரிடம் வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்: "சரி தொரை, சரி, சரி."

மறுநாள் அத்தானைத் தம்முன் நிறுத்திவைத்து, மொழிபெயர்க்க என்னை அழைத்த அதிகாரி, "உங்கள் ஆள் நேற்றே 'சாரி' என்று மன்னிப்புக் கேட்டுவிட்டான். குற்றம் அவனுடையதுதான்" என்றார்.

அவர் சொன்னது 'சரி', அது எங்கள் மொழிச் சொல், 'ஆகட்டும்' என்பதுதான் அதன் பொருள், மன்னிப்பு அல்ல என்று விளக்கினேன். மழையில் பூசச் சொன்னது யார் என்பதையும் சொன்னேன். சுவரோரம் நின்றிருந்த சார்ஜெண்ட் தம் காலணியைப் பார்த்துக்கொண்டார். அதிகாரி இரண்டு சொற்களையும் என்னை மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு சிரித்தார். தம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார். மன்னிப்புக் கேட்டதாகவே இருந்தால் வேறு வேலை கொடுத்து வைத்துக்கொள்வாராம். இல்லையென்றால் வேலையும் இல்லை, தளத்துக் குடியிருப்பில் வீடும் இல்லை. அக்காவுக்கு அப்போது நிறைமாதம்.

அத்தானிடம் அப்படியே சொன்னேன்.

"அப்ப றெக்கையக் கெடுத்தது நான்னு ஆயிடும்லா?"

"ஆயிடும் அத்தான்."

"மழையில பூசச் சொன்னவருக்கு?"

"ஒண்ணும் ஆகாது."

அவர் என்னையும் அதிகாரியையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, ஒரே ஒருமுறை, "சரி" என்றார். அதிகாரி திருப்தியாகத் தலையசைத்தார். எந்தச் சொல்லை அத்தான் சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

அதன்பிறகு அவருக்குக் கடல்விமானங்களைக் கயிறு கட்டிக் கரையேற்றும் வேலை. மார்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். பூச்சு வேலைக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், தூறலோடு தூறலாக, அவரையும் பூசச் சொன்னார்கள். அவர் வார்னிஷ் டின்னோடு கரையில் நின்ற அத்தானிடம் ஓடிவந்தது அலுவலகச் சன்னலிலிருந்து எனக்குத் தெரிந்தது, பேச்சும் கேட்டது.

"அண்ணே, ஈரமா இருக்கே. பூசலாமாண்ணே?"

அந்தக் கொட்டகையில் 'வேண்டாம்' என்று சொல்லிப் பார்த்த ஒரே மனிதர் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னயக் கேக்காதே," என்றார். "தொரையக் கேளு."