எந்தச் சிங்கம்?

பேத்தி சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள். லண்டன் ஹரோ வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றிப் பார்க்கப் போகும் இடங்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டினாள். முதல் படமே அந்த மீன்வால் சிங்கம். வாயால் தண்ணீர் துப்பிக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும், கூடவே சிரிப்பும் வரும்.

அப்போது எனக்கு ஏழு வயது. சிங்கப்பூரில் தேக்காவில் இருந்தோம். லண்டனிலிருந்து தூரத்து உறவில் ஒரு அத்தை, மகனோடு வந்திருந்தார். அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டுமாம். அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். அந்த வேகாத வெயிலில் யாராவது பட்டு கட்டுவார்களா? சரி, அதை விடுங்கள். எனக்குச் சிங்கம்தான் முக்கியம். புதிதாக வைத்திருந்தார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அதைப் பார்க்காத பிள்ளை நான் ஒருத்திதான்.

சைனாடவுன் மாரியம்மன் கோவில் வாசலில், "செருப்பெல்லாம் பாத்துக்க" என்று அம்மா என்னை நிறுத்திவிட்டு உள்ளே போனார். அரபு ஸ்திரீட் துணிக்கடையில், "பையைப் பாத்துக்க." நடக்கும்போது அக்காவுக்கும் அத்தை மகனுக்கும் நடுவில் புகுந்து அக்கா கையைப் பிடித்தால், அம்மா பின்னாலிருந்து என் கவுனைப் பிடித்து இழுப்பார். வேலைக்காரியா நான்?

சாயந்தரம் கடலோரச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனோம். சிங்கம் கூப்பிடு தூரத்தில். அப்பா ஒரு மேசையில் கைக்குட்டையை விரித்தார். அந்த ஊரில் அது போதும், வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

"நீயும் இங்கேயே உட்காரு" என்றார் அம்மா.

"அதான் கைக்குட்டை இருக்குல்ல, நான் எதுக்கு?"

"அது காத்துல பறந்துடும் லா. நீ கனமா இருக்க."

எல்லோரும் சிங்கத்தைப் பார்க்கப் போனார்கள். ஒரு சீனத் தாத்தா மீ நூடுல்ஸ் கிண்ணத்தோடு வந்தார். "ஆள் இருக்கு!" என்று நான் கத்திய கத்தலில், பாவம், நின்றுகொண்டே சாப்பிட்டார்.

திரும்பி வந்ததும் அக்காவை மறித்தேன்.

"சிங்கம் எப்படிக்கா இருந்துச்சு?"

"எந்தச் சிங்கம்?"

அத்தை மகனைப் பார்த்தேன். அவரும் முழித்தார்.

"தண்ணி வாயிலேர்ந்து வருதா, மூக்குலேர்ந்தா? அதையாச்சும் சொல்லுங்க!"

இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய சிங்கம்! என்னையாவது அனுப்பியிருக்கலாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வருடம் அக்கா கழுத்தில் தாலியோடு லண்டன் விமானத்துக்கு நின்றபோது, "போறதுக்குள்ள ஒரு தடவ சிங்கத்தப் பாத்துட்டுப் போக்கா" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் அத்தானும் மட்டும் ஏன் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.