கப்பலின் மூன்று விநாடி மௌனம்

ஒலிப்பதிவுக் கூடங்களில் அவரை எல்லோரும் ‘கப்பல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடங்களுக்கு முன் வந்த ஒரு விண்வெளிப் படத்தில், கப்பலை ஓட்டும் கணினிக்கு அவர் குரல் கொடுத்தார். எத்தனையோ கதாநாயகிகளுக்கும் சோப்பு விளம்பரங்களுக்கும் பேசியிருக்கிறார். ஒட்டிக்கொண்டது கப்பல்தான்.

அந்தப் படத்துக்கு முன்கதை எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. கூப்பிட மாட்டார்களோ என்று ஒரு வாரம் தவித்தார். கூப்பிட்டதும், ஏன்தான் கூப்பிட்டார்களோ என்று தவித்தார். கதைப்படி கப்பல் அப்போதுதான் கட்டி முடிக்கப்படுகிறது. முதல் படத்தில் இருந்ததைவிடக் குரல் இளசாக இருக்க வேண்டும். அவர் குரலோ பதினெட்டு வருடம் முற்றியிருந்தது.

“கதை பின்னாடி போகுது, என் தொண்டை முன்னாடி போயிடுச்சே” என்று கணவரிடம் புலம்பினார்.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடியே கேட்டார்: “முதல் படத்துல கப்பல் நல்லாத்தானே இருந்துச்சு? அப்ப இதுல அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியுமே. அப்புறம் எதுக்குப் பயந்துகிட்டுப் பாக்கணும்?”

“இருக்கிற பயம் போதாதுன்னு நீங்க வேற!”

ஆனால் அந்தக் கேள்வியை அவரால் உதற முடியவில்லை.

வசனத் தாள்கள் வந்ததும் கவலை இரட்டிப்பானது. முதல் படத்தில், வெளிக்கதவைத் திறக்கச் சொல்லிக் கேப்டன் உத்தரவிடுவார். கப்பல் மூன்று விநாடி பேசாமல் இருக்கும். பிறகு, “மன்னிக்கணும், முடியாது” என்று சொல்லும். அந்த மூன்று விநாடியில் அது என்ன யோசித்தது என்று ரசிகர்கள் இன்றுவரை மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். முன்கதையில் அதற்கு ஏழு பக்க விளக்கம் எழுதியிருந்தார்கள். கப்பலைக் கட்டிய பொறியாளர், தயங்குவது எப்படி என்று அதற்குப் பாடம் நடத்துகிறார்.

நடந்தது வேறு. முதல் படத்தின் பதிவின்போது இவர் தவறுதலாக ஒரு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். வரியைத் தேடிப் பிடிக்க மூன்று விநாடி ஆனது. அன்றைய இயக்குநர் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

புது இயக்குநர், முதல் படத்தைப் பள்ளிச் சீருடையில் போய்ப் பார்த்தவர். “மேடம், இந்த ஏழு பக்கத்துக்காகத்தான் படமே எடுக்கறேன்” என்றார்.

பதிவு தொடங்கியது. குரலை மெலிதாக்கப் பார்த்தால், சீருடை போட்ட தலைமை ஆசிரியை பேசுவதுபோல் இருந்தது.

“விடுங்கக்கா, மெஷின்ல கொஞ்சம் இளசாக்கிடலாம்” என்றார் ஒலிப்பதிவாளர். ஆறுதலுக்குச் சொன்னதுதான். இவருக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் நாள் ஒரு சின்னக் காட்சி. வேலை முடிந்து பொறியாளர் வீட்டுக்குக் கிளம்புகிறார். மறுநாள் நடக்கும் வெள்ளோட்டத்தில் அவர் இறந்துபோவார் என்பது முதல் படம் பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். கப்பலுக்குத் தெரியாது. அது அவரிடம் கேட்க வேண்டிய வரி இது:

“நாளைக்கும் வருவீங்களா?”

இளசாக்க வேண்டும் என்பதையே மறந்து, கேட்கத் தோன்றியபடி கேட்டுவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். இயக்குநர் மூக்கை உறிஞ்சினார். முடிவு தெரிந்திருப்பதால்தான் அந்த ஒரு வரி அவர்களை அப்படித் தாக்கியது. கணவருடைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

அந்தத் துணிச்சலில், தாள் புரட்டிய கதையை இயக்குநரிடம் சொல்லிவிட்டார். “அது என்னன்னு தெரியாததாலதானே சார் இத்தனை வருஷமா பேசறாங்க? நாமளே சொல்லிட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?”

இயக்குநர் முகம் விழுந்துபோனது. “இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் மேடம்” என்று எழுந்து போனார்.

இரண்டு நாள் ஃபோன் வரவில்லை. வேறு குரலைப் பிடித்துவிட்டார்கள் என்றே அவர் முடிவுகட்டினார். ஃபோனைச் சமையலறைக்கும் குளியலறைக்கும் தூக்கிக்கொண்டே அலைந்தார். மூன்றாம் நாள் இயக்குநரே பேசினார். ஏழு பக்கம் இரண்டாகியிருந்தது. அடியோடு எடுக்க முடியவில்லை. டிரெய்லரில் ஏற்கெனவே காட்டிவிட்டார்களாம்.

படம் வந்தபோது கணவரோடு பகல் காட்சிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். விளக்கக் காட்சி வந்ததும் ஆட்கள் நெளிந்தார்கள். அங்கங்கே செல்ஃபோன் வெளிச்சம். “அட, இவ்வளவுதானா?” என்று முன்னால் ஒருவர் சலித்துக்கொண்டார். பொறியாளர் கிளம்பும் காட்சியில் அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை.

வெளியே வந்ததும் கணவர் சொன்னார்: “அந்த ஆளு சாகப்போறான்னு தெரிஞ்சும், ‘போகாதய்யா’ன்னு கத்தணும்போல இருந்துச்சு.”

“அது சரி, என் குரல் எப்படி இருந்துச்சு?”

கணவர் வேன் கதவைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். “முதல் பத்து நிமிஷம் வேற யாரோன்னு நெனச்சேன். அப்புறம் நீதான்னு தெரிஞ்சுது.”

அது பாராட்டா, குறையா? வீடு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். கணவர் சாலையைப் பார்த்து ஓட்டினார்.