தீவிரவாதியும் என் வளைகாப்பு அரிசியும்

தீவிரவாதி என்று டிவியில் சொன்னால் பேரப்பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்தில், கடல் கடந்து வந்து நாங்கள் பிழைத்த காஜா பேராங்கில் அது ஏச்சுப் பேச்சில்லை. பாதி கேலி, பாதி மரியாதை. என் நாத்தனாரை எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரருக்கு அக்கா அவர். இந்தியாவுக்கு விடுதலை வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. எந்த வீட்டிலும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். சாயங்காலம் துணிப்பையோடு வந்து வாங்கிப் போய், இந்தியாவுக்காகச் சண்டை போடப் படையில் சேர்ந்த தொண்டர்களுக்குச் சமைக்கக் கொடுப்பார். நாங்களே மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த நேரம். அவர் தலை தெரிந்தால் போதும், "தீவிரவாதி வருதுடி, சட்டிய மூடு!" என்று பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுப்பாள்.

எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். பேப்பர் படிக்கும் வீட்டுக்காரரிடம், "அப்படின்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"நெனச்சத முடிக்காம தூங்காத ஆளு. பெரிய தலைவருங்களயே அப்படித்தான் எழுதறான். எங்கக்காவப் பாரு, புரியும்."

எனக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. வளைகாப்புக்கு ஐந்து வகைச் சாதம் வேண்டுமே என்று கிழங்கைத் தின்று, கிடைத்த அரிசியைப் பிஸ்கட் தகரத்தில் சேர்த்து வைத்திருந்தேன். அது நாத்தனார் காதுக்குப் போய்விட்டது.

"தகரத்த எடு புள்ள."

"மாட்டேன் அண்ணி. அது வளைகாப்பு அரிசி."

"நாடு பெருசா, வளைகாப்பு பெருசா?"

"நாடு நாளைக்கும் இருக்கும். எனக்கு ஏழாம் மாசம் நிக்குமா?" என்று சொல்லித் தகரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

இடுப்பில் கை வைத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "என்னயப் போய் தீவிரவாதிங்கறாளுங்க. நீ எனக்கும் மேல இருக்கியே!"

வளைகாப்பன்று சமைக்க அவரேதான் வந்தார். தகரத்தைத் திறந்தார், அரிசியைக் கழுவுமுன் ஒரு பிடி அள்ளித் தன் பையில் போட்டார்.

"அண்ணி!"

"பழக்கம் புள்ள. கை தானா போவுது."

அவர் கை பெரிய கை. மிச்ச அரிசியில் நான்கு சாதந்தான் தேறியது. இரட்டைப்படை ஆகாதே என்று வந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சட்டியை மூடச் சொன்ன அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான் ஓடிப்போய், மரவள்ளியைத் துருவி அவித்து, மஞ்சளும் எலுமிச்சையும் போட்டுத் தாளித்துக் கொண்டுவந்து ஐந்தாவதாக வைத்தாள்.

"தீவிரவாதி வீட்டுல வாக்கப்பட்டா இதான்டி எலுமிச்சச் சாதம். தின்னு!"

அன்றைக்கு முதலில் காலியானது அதுதான். அண்ணி இரண்டாந்தரமும் கேட்டு வாங்கித் தின்றார். துணிப்பையை மட்டும் மடியை விட்டு இறக்கவேயில்லை.