மகளிடம் மாற்றிச் சொன்ன சாமி வாக்கு

எங்கள் ஊர் அவிநாசிக்குப் பக்கம். மாவு மில் வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். பன்னிரண்டாவது முடித்ததும் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் ஜியாலஜி சேர்ந்தாள். அப்படியென்றால் என்ன அம்மணி என்று கேட்டேன். “பூமிக்குள்ள என்ன இருக்குது, அது எப்புடி வந்துச்சுன்னு படிக்கறதுங்கப்பா” என்றாள். மில்லுக்கு வருகிறவர்களிடம் நானும் அதையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் தம்பி மட்டும் விடமாட்டார்.

“ஏனுங்க மச்சான், கல்லு ஒடைக்கறதுக்கு எதுக்குங்க காலேசு? சொன்னீங்கன்னா நாளைக்கே குவாரியில சேத்துப்போடலாம்.”

“மொதல்ல உங்க தலையக் காட்டுங்க மாமா, தட்டிப் பாத்து என்ன கல்லுன்னு சொல்றேன்” என்பாள் மகள். அவரும் தலையைக் குனிந்து காட்டுவார்.

சனி ஞாயிறுகளில் எங்கிருந்தாவது கல் வந்து சேரும். வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, சின்ன லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பாள். “அபிசேகமா கண்ணு?” என்று கேட்டால், “நனைஞ்சாத்தானுங்கப்பா இதோட நெறம் தெரியும்” என்பாள். ஆயுத பூஜைக்கு மில் மிஷினோடு அவளுடைய சுத்தியலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கல்லூரியில் வெளியூர் கூட்டிப்போகிற நாட்களில் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் கிளம்புவாள். சாமி மேல் அவளுக்கு அவ்வளவு பிடிப்பு.

மூன்றாம் வருஷம் சேலம் பக்கம் பத்து நாள் முகாம் போனாள். முகம் கறுத்து, காலெல்லாம் கொப்புளமாகத் திரும்பி வந்தாள். நான் காலுக்குப் போட மருந்து தேடினேன். அவளோ, பாறை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தானே அளந்து வரைபடம் போட்டதைச் சோறு ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

படிப்பு முடிகிற நேரத்தில் மேற்படிப்புக்கான நுழைவுத்தேர்வு எழுதினாள். வடக்கே, ரயிலில் இரண்டு நாள் போகிற ஊரில் இடம் கிடைத்தது. ஒரு வாரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

“இதோட நின்னுட்டா லேப்ல கல்லு எடுத்து வெக்கற வேலதானுங்கப்பா கெடைக்கும். எம்.எஸ்சி. முடிச்சாத்தான் ஜியாலஜிஸ்ட் வேலைக்கு எழுதவே முடியும்.”

அவள் அம்மா அழுதாள். “சாமிகிட்டக் கேட்டுப்போடலாம் கண்ணு” என்றேன். எங்கள் பக்கம் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் குலதெய்வத்திடம் பூப்போட்டுக் கேட்டுத்தான் செய்வோம்.

“கேளுங்கப்பா. சாமி போன்னுதான் சொல்லும்” என்றாள்.

அன்று அவள் கோயிலுக்கு வரக்கூடாத நாள். மில்லை மனைவி பார்த்துக்கொண்டாள். நான் மட்டும் மொபெட்டில் போனேன். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துப் பூசாரி சாமி காலடியில் வைத்தார். வழக்கப்படி வெள்ளை வந்தால் அனுப்புவது, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். வெளியே விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார் பூசாரி. பிரித்தால் வெள்ளை.

“தெளிவா உத்தரவு குடுத்திருச்சுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காம அனுப்புங்க” என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் இல்லாத வீடுதான் கண்ணுக்குள் நின்றது. தெரியாத ஊர், தெரியாத பாஷை, சுரங்கம் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. என்னால் அவளை விட்டு இருக்க முடியாது, அவ்வளவுதான். வாசலில் நின்றிருந்தாள்.

“என்ன பூங்கப்பா?”

“செவப்பு கண்ணு.”

“சரிங்கப்பா” என்று உள்ளே போய்விட்டாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் உடைந்திருப்பேன். அந்த வாரம் முடிந்து இடமும் போனது. என் மனைவியும் சாமி சொன்னது அதுதான் என்று நம்பினாள்.

அதற்குப் பிறகு திருப்பூர் ரோட்டில் ஒரு கிரானைட் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சமையல் மேடைக்கு எந்தக் கல் கறை பிடிக்காது என்று வருகிறவர்களுக்குச் சொல்கிற வேலை. நடுவில் அரசாங்கத்தில் ஜியாலஜிஸ்ட் வேலைக்கு அறிவிப்பு வந்தது. எம்.எஸ்சி. கேட்டிருந்தார்கள். செல்போனில் அவள் அதைப் படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்தேன். வாசலுக்குக் கல் வருவதும் நின்றுபோனது.

கோயிலுக்கும் அவள் வருவதில்லை. கூட்டிப்போனால் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாள். பூமி கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தியது என்றெல்லாம் படித்ததில் பக்தி விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். மச்சினரிடம் அப்படிச் சொல்லி அந்தப் படிப்பையே குறையாகப் பேசினேன்.

இந்த வருஷம் குலதெய்வக் கோயில் திருவிழா வந்தது. மகள் மில்லுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். கரண்ட் போய் மிஷின் நின்றிருந்தது. “அம்மா உன்னையத் தீர்த்தக்கொடம் எடுக்கச் சொல்றா அம்மணி” என்றேன்.

“நான் எதுக்குங்கப்பா? சாமிக்குத்தான் என்னையப் புடிக்கலையே.”

கோபமாகச் சொல்லவில்லை. டிபன் பாத்திரத்தைத் திறந்துகொண்டே சொன்னாள். “மூணு வருசம் ஒவ்வொரு தடவையும் கும்புட்டுட்டுத்தான் போனேன். ஒண்ணே ஒண்ணு கேட்டேன், அது வேண்டாம்னுடுச்சு. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு இன்னும் தெரியலீங்க.”

படிப்பை மட்டும்தான் தடுத்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“வெள்ளப் பூத்தான் கண்ணு வந்துச்சு” என்றேன்.

அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. “எப்பங்கப்பா?”

“அன்னிக்கு. நாந்தான் மாத்திச் சொல்லிப்போட்டேன்.”

கையிலிருந்த மூடியை மாவு மூட்டை மேல் வைத்தாள். திட்டுவாள் என்று நின்றேன். “அப்பச் சாமி என்னையப் போகச் சொல்லுச்சுங்களா?” என்று கேட்டாள். தலையாட்டினேன். அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். குழந்தையாக இருந்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போனேன். “வேண்டாமுங்கப்பா” என்றாள்.

கரண்ட் வந்தது. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போனவள் நேராகக் கோயிலுக்குத்தான் பஸ் ஏறியிருக்கிறாள். சாயங்காலம் நெற்றியில் திருநீறோடு வந்தாள். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“இனி எனக்காக நீங்க சாமிகிட்ட ஒண்ணும் கேக்காதீங்கப்பா.”

விஷயம் தெரிந்த மனைவி நான்கு நாள் என்னோடு பேசவில்லை. மகள் பேசுகிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறாள். மறுபடியும் நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிறாள் என்பதைக்கூட மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எந்த ஊருக்கு எழுதுகிறாள் என்று கேட்கவில்லை. அந்த உரிமையை நான் இழந்துவிட்டேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். மனைவிக்கு, மில்லுக்கு, மச்சினர் பிள்ளைகளுக்கு என்று வேண்டிக்கொண்டு வருவேன். அவள் பேர் வாய் வரைக்கும் வரும். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.